எலுமிச்சைத் தோல்

செவ்வாய் இரவுதோறும் என் தீவுக்கு ஒரு நாரை வரும்
ஓட்டைப் படகில்.
"உங்கள் முகத்துக்காக இந்த விலை" என்னும்.
என் முகத்தை அது பார்த்ததே இல்லை.
படகின் அடித்தட்டில் நான்கு ஓவியங்கள்.
மூன்று போலி.
சில வாரம் நான்குமே.

வெளியே துர்க்கு நகரம், நவம்பர்,
மாலை நான்குக்கே இருட்டிவிட்டது.
ஆரஞ்சு நிற ஃபோரி படகு
ஆவுரா நதியின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும்
இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறது.
போர்வைக்குள் நான்,
கையகலத் திரையில்
ஒரு பெண்ணின் சுண்டுவிரலைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

பகலிலும் இதே பிழைப்புதான்.
மருத்துவமனை மூன்றாம் மாடி.
நுண்ணோக்கி, கண்ணாடித் தகடு,
ஊதாச் சாயம் குடித்த செல்கள்.
ஒரு நாளைக்கு எழுபது பெண்கள்,
பெயர் கிடையாது, எண் மட்டும்.
ஒன்றுபோல் இருக்கும் ஆயிரத்தில்
கரு சற்றே பருத்த ஒன்றைத் தேட வேண்டும்.
இருபத்திரண்டு வருடம்.
ஆய்வகத்தில் எனக்குக் கழுகு என்று பெயர்.

நாரை என்னை ஆறுமுறை ஏமாற்றியது.

முதலில் குதிரை. நான்கு காலிலும் லாடம்;
அசலில் மூன்றில்தானாம்.
பிறகு ஒரு பளிங்குத் தேவதை,
மணிக்கட்டில் கடிகாரம் கட்டியிருந்தாள்.
கடிகாரம்!
அதைக்கூட நான் பார்க்கவில்லை,
அவள் கழுத்தின் வளைவில் சொக்கிப்போயிருந்தேன்.
அருங்காட்சியகத்து முள்ளம்பன்றி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து,
மறுபடி மாட்டி,
"மன்னிக்க வேண்டும், இதை நாங்கள் ஏற்க இயலாது" என்றது
அவ்வளவு மரியாதையாக.
அந்த மரியாதைதான் சுட்டது.

"எது அசல், எது போலி, எல்லாவற்றுக்கும் பட்டியல் இருக்கிறது,
அனுப்பட்டுமா?"
பக்கத்து மேசை ஏரிகா கேட்டாள்.
ஏலக்காய் பன்னில் பாதியைப் பிட்டுக் கொடுத்து
அவள் வாயை அடைத்தேன்.

மார்ச்சில் ஒரு தகடு திரும்பி வந்தது.
இரண்டு வருடம் முன்பு
நான் "சரி" என்று எழுதி அனுப்பியது.
மறுபார்வைக்கு, சிவப்பு மையில் புள்ளி வைத்து.
புள்ளிக்குப் பக்கத்தில் அது இருந்தது.
ஒளிந்துகூட இல்லை.
மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொண்டு
நட்டநடுவில் நின்றிருந்தது.

"யார் பார்த்திருந்தாலும் தவறியிருக்கும்"
என்றார் துறைத் தலைவர் பென்ட்டி,
கண்ணாடியைத் துடைத்தபடி.

அந்தப் பெண்ணின் எண் ஏழு இலக்கம்.
எனக்கு மனப்பாடம்.
இங்கே எழுதப்போவதில்லை.

இன்று நாரை கொண்டுவந்தது
எலுமிச்சை உரிக்கும் பெண்ணை.
இவளை எனக்குத் தெரியும்.
ஏரிகாவின் தீவில் அசல் தொங்குகிறது;
போன ஞாயிறு விருந்தாளியாகப் போய்
அரைமணி நேரம் அதன் முன் அசையாமல் நின்றேன்.
என் பொம்மை உடம்பு செத்துவிட்டதோ என்று
அவள் தொலைபேசியில் கூப்பிட்டே விட்டாள்.
அங்கே தோல்
ஒரே சுருளாக, அறுபடாமல்
மேசை விளிம்பு தாண்டித் தொங்கியது.
இங்கே?
விளக்கை ஏற்றினேன். பெரிதாக்கினேன்.
சுருள் திரும்பும் இடத்தில்
மயிரிழை அளவு ஒரு வெட்டு.

பிடித்துவிட்டேன்.
சமையலறையில் எனக்கு நானே
சத்தமாகச் சொல்லிக்கொண்டேன், பிடித்துவிட்டேன் என்று.
கெட்டில் கொதித்து அணைந்தது. வேறு பதிலில்லை.

பிறகு நாலாயிரம் கிளிஞ்சல் எண்ணிக் கொடுத்து
அதையே வாங்கினேன்.
நாரைக்கே ஒரு கணம் சந்தேகம் வந்திருக்கும்.

முள்ளம்பன்றியிடம் கொண்டுபோகவில்லை.
தீவு வீட்டில் கட்டிலுக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.
ஏரிகா வந்தால் சிரிப்பாள்,
சிரிக்கட்டும்.

காலை ஏழரைக்கு எழுபது பெண்கள் வருவார்கள்.
திரையை அணைக்குமுன்
அந்த வெட்டை இன்னொருமுறை பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

இருக்கிறது.