அரைச் சுற்று

காலையில் கார் எனக்கு. பின்னேரம் தயாபரனுக்கு.
நான் ஐந்தடி. அவர் ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு.
கிளச் மிதிக்கு மட்டும் ஒரே உயரம்.

மாற்றலாகிப் போன கடற்படைக்காரர் ஒருவர்
விற்றுவிட்டுப் போன பழைய சன்னி.
கதவு இடுக்கில் இன்னும் அவருடைய மணல்.
றிவேர்ஸ் போட்டால் தகரக்கடையை யாரோ உதைத்த சத்தம்.
மூன்றாம் கியரை, கரண்ட் போன இரவில்
செருப்புத் தேடுவதுபோலத் தேடவேண்டும்.

"கிளச் அடியில கிடக்குது" என்றேன்.
"உன்ர கால் அப்பிடி" என்றார்.

அடுத்தநாள் விடியமுன் பொனட்டைத் திறந்தேன்.
கேபிள் முனையில் இரண்டு நட்.
ஒன்றைத் தளர்த்தி, மற்றதை
அரைச் சுற்று இறுக்கினேன். யாருக்கும் சொல்லவில்லை.
அதற்கடுத்த நாள் மிதி பழைய ஆழத்தில்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாசியும் பங்குனியும் இப்படிப் போயின.
இரவில் அவர் அரைச் சுற்று,
விடியலில் நான் அரைச் சுற்று.
கறியில் உப்புக் கூட என்று பேசினோம்,
தண்ணீர் பில் வந்ததைப் பேசினோம்.
நட்டின் ஆறு மூலையும் தேய்ந்து
வட்டமாகிக்கொண்டு வந்தது.

சித்திரையில், ஆத்திரத்தில், ஒரு முழுச் சுற்று.
பெருவிரல் பட்டாலே கேபிள் இழுபட்டது.
வென்றுவிட்டேன் என்று ஓர்ஸ் ஹில் ஏற்றத்துக்குத் திருப்பினேன்.
எஞ்சின் கத்துகிறது; கார் ஏறவில்லை.
பின்னால் மீன் லொறி ஹோர்ன் அடிக்கிறது.
சீலையில் ஸ்திரிக்கைப் பெட்டியை மறந்துவைத்த வாசம்.
கிளச் பிளேட் பஞ்சிகாவத்தையில் என்ன விலை என்று
எனக்குத் தெரியும்.

மிதியில் அந்தச் சும்மா அசைவு வேண்டும்,
ஒரு பெருவிரல் அகலம்,
அழுத்தியும் ஒன்றும் நடக்காத இடம்.
அது இல்லையென்றால் உள்ளே ஒன்றையொன்று
முழுதாய்ப் பிடிப்பதில்லை;
வழுக்கி வழுக்கிச் சூடாவதுதான்.
(கைநூலில் அதற்கு மில்லிமீற்றர் கணக்கு உண்டு.
சரியாக அந்த எண்ணின்மேல் எண்ணெய்க் கறை.)

ஞாயிறு. ஜக் அடித்து, கட்டைக் குற்றி வைத்து,
அடியில் போய்ப் படுத்தேன்.
"கியரை ஆட்டுங்கோ."
மேலேயிருந்து: "ஆட்டுறன்."
"ஆட்டச் சொல்லியெல்லே சொன்னனான்?"
"ஆட்டிக்கொண்டுதானே இருக்கிறன்!"

தடி அசைகிறது.
அது போய்ச் சேருமிடத்தில் ஒன்றும் அசையவில்லை.
நடுவில் ஒரு புஷ் இருந்திருக்கவேண்டும்,
புளியங்கொட்டை அளவில் நைலோன் வளையம்.
உப்புக்காற்று தின்று, பொடியாகி,
என் விரலில் ஒட்டியது.

மூன்று மாதம்
பிழையான நட்டில்.

கீழே கூப்பிட்டேன். ஆறடியும் மடங்கி வந்து
பக்கத்தில் படுத்தது. டோர்ச்சைப் பிடித்துப் பார்த்தார்.
கனநேரம் பார்த்தார்.
"நான் ரெண்டு மூண்டு தரம் நட்டைத் திருப்பினனான்."
"ரெண்டு மூண்டோ?"
டோர்ச் வெளிச்சம் கொஞ்சம் ஆடியது.
சிரிக்கிறார்.

அனுராதபுரச் சந்தியில் ரிஸ்மின் பாஸ்
புஷ்ஷுக்கு நானூறு எடுத்தார்.
பழைய நட்டை உருட்டிப் பார்த்துவிட்டு
புதிது ஒன்று சும்மா தந்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது றிவேர்ஸ் விழுவது
நல்ல பெட்டிக்கு மூடி பொருந்தும் சத்தம்.
மிதியை இருவருக்கும் நடுவில் விட்டோம்.
சரி நடுவில் இல்லை, கொஞ்சம் என் பக்கமாக.
அவர் சீற்றை இரண்டு பல் பின்னுக்குத் தள்ளுவார்.
தள்ளியதைத் திரும்ப முன்னுக்கு விடமாட்டார்;
அது வேறு வழக்கு.

நேற்றுக் கோட்டை றோட்டில்
புள்ளிமான் ஒன்று அவசரமில்லாமல் குறுக்கே வந்தது.
மூன்றிலிருந்து இரண்டு.
கை தானாகப் போனது, கால் தானாகப் போனது,
இரண்டுக்கும் இடையில் ஒரு சத்தமும் இல்லை.
மான் நடுறோட்டில் நின்று
பொலித்தீன் துண்டொன்றை மென்றது.
நியூட்ரலுக்குத் தட்டி,
மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு
அது தின்று முடிக்கும்வரை இருந்தேன்.