பத்து லீற்றர்

மூடியைத் திறந்த நவ்ஷாட்
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
"இது பெற்றோல் இல்ல மிஸ். வார்னிஷ்."

ராமகிருஷ்ணா வீதிப் பக்கத்து ஒழுங்கையில்
தறப்பாள் போர்த்துக் கிடந்த நிசான் மார்ச்.
கடற்காற்றில் கதவோரமெல்லாம் கறள்.
போனற்றுக்குள் பூனை குட்டி போட்டு
வளர்த்து, கூட்டிக்கொண்டும் போய்விட்டது.

புதுப் பற்றரி பூட்டிச் சாவியைத் திருப்பினேன்.
இருமியது.
இன்னொருதரம் இருமியது.
அதன்பிறகு அதற்கு இருமவும் மனமில்லை.

"எப்ப அடிச்ச?"

ஆடி என்றேன்.
கொழும்பில் ஆடி என்றால் எங்கள் வீட்டில் வேறொன்று,
அதைப் பற்றி அம்மா பேசமாட்டா.
இது மற்ற ஆடி. வரிசைகளின் ஆடி.
மூன்று இரவு காலி வீதியில்
ஸ்டார்ட் பண்ணாமல், ஒரு சொட்டும் வீணாக்காமல்
முன்னுக்கு இடம் விடும்போதெல்லாம் இறங்கித் தள்ளி,
பின்னால் நின்ற வான்காரன் தந்த பிஸ்கட்டைத் தின்று,
நாலாம் நாள் விடிய வாங்கியது.
பாதியை வேலைக்குப் போக எரித்தேன்.
மீதியை அவசரத்துக்கு வைத்தேன்.
பிறகு ரெயில் பழகிவிட்டது.

அவசரம் வராமலில்லை.
ஒரு இரவு ஒன்றரை மணிக்குக் கதவைத் தட்டியது.
அது என்னுடைய அவசரமாக இருக்கவில்லை.
மேல்மாடிப் பிரதீபன், காலில் செருப்பில்லை.
டிலானிக்குப் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதாம்.
"அக்கா, காஸல் ஆஸ்பத்திரி மட்டும்."

டாங்க் காலி தம்பி என்றேன்.

மீன் லொறியொன்றில் போனார்களென்று
பிறகு கேள்விப்பட்டேன்,
ஐஸ் கரைந்த தண்ணீரில் கால் வைத்தபடி.
ஆறு கிலோமீற்றர்.
அரை லீற்றருக்கு மேல் போகாது.
அன்றிரவே கணக்குப் பார்த்தவள் நான்.

நவ்ஷாட் குழாயை விட்டு உறிஞ்சி
மதிலோரம் மூன்று தரம் துப்பினான்.
கானுக்குள் இறங்கியது, ஊறிப்போன சாயத் தேத்தண்ணி நிறத்தில்.
அடியில் தண்ணீர் வேறாக நின்றது.
பம்பைக் கழற்றினால்
வடியில் பாணிபோல் ஒரு பிசின்,
விரலில் ஒட்டினால் விடாது.

பிரதீபன் மகளோடு கீழே வந்தான்.
கேளாமலே டோர்ச்சைப் பிடித்தான்.
வெளிச்சம் கானில் விழுந்து
விளிம்புவரை ஏறி, நின்றது.
"பத்து லீற்றர் இருக்கும் போல," என்றான்.

நான் புனலைத் துடைத்தேன்.
அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

"எவ்வளவு காலத்து எண்ணெய் அக்கா?"

மூன்று வருசம், கொஞ்சம் கூட
என்று சொல்ல வாயெடுத்தபோது
யாதவி மூக்கைப் பொத்திக்கொண்டு
"சீ, நாறுது" என்றாள்.
அவளுக்கும் மூன்று வருசம், கொஞ்சம் கூட.

லஹிரு கானைத் தூக்கிக்கொண்டு
கால்வாய்ப் பக்கம் போகப் பார்த்தான்.
"எப்பா!" என்று கத்தினான் நவ்ஷாட்,
"அதுல உசுர் இருக்குடா."
எரிக்க ஆகாது, கராஜில
கிரீஸ் சாமான் கழுவலாம், நான் கொண்டு போறன்
என்று கானின் வாயைப் பொலித்தீனால் கட்டினான்.
கட்டியும் மணம் போகவில்லை.

புது வடி. புதுப் பெற்றோல், ஐந்து லீற்றர்,
வரிசையில்லாமல், இரண்டு நிமிசத்தில்.
ஆறாம் தரம் பிடித்தது.
வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடிக் கலைந்தது.

ஏறுங்கோ, மரைன் டிரைவ்வரைக்கும் ஒரு சுத்து
என்றேன் பிரதீபனிடம், எஞ்சினைவிடச் சத்தமாக.

"இல்ல அக்கா. நாங்க நடந்தே போறம்."
கோபமில்லை அந்தக் குரலில்.
இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

ஆனால் யாதவி அதற்குள்
முன்சீற்றில் ஏறி, செருப்போடு நின்று,
ஸ்டியரிங்கின் நடுவில் இரண்டு கையாலும் அமத்தினாள்.

மூன்று வருசத்தில் பழுதாகாமல் இருந்தது
ஹோர்ன் ஒன்றுதான்.
ஒழுங்கை முழுக்கக் கேட்டது.