எட்டாம் நாள், பாதை அடைப்பு

கணுக்காலிலிருந்து முட்டிவரை மாவுக்கட்டு.
ஜாலான் ஈப்போவில் ஒரு கார்க் கதவு
சொல்லாமல் திறந்ததற்கு நான் கட்டிய விலை.
செந்தூலில் பதினொன்றாம் மாடி,
வெள்ளிக்கிழமைகளில் உயிர்விடும் லிஃப்ட்,
எதிரே திரையில் நூற்று இருபது சைக்கிள்கள்
கிளந்தான் கடலோரமாய்.

“சும்மா பாத்தா போரடிக்கும் லா” என்றான் குணாளன்.
“அவனுங்க எந்த ஊர்ல மிதிக்கிறானுங்களோ
அந்த ஊரு சாப்பாடு ஒனக்கு. எங்க பொறுப்பு.”
எங்க என்றால்
என்னைப் போலவே முதுகில் பெட்டி சுமக்கும் மூன்று பேர்.

முதல் நாள் நீலச் சோறு.
ரொஹாயா தன் ஊர்க்காரி கடையிலிருந்து கொண்டுவந்தாள்,
புடு மட்டும் தனிப் பையில், இரண்டு முடிச்சு.
அந்த மீன்சாறு எங்களுக்கு முன்பே வந்து
வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தது.

மறுநாள் திரங்கானுவில் பக்கக் காற்று.
வீரர்கள் சாலையின் குறுக்கே விசிறியாய் விரிய
கெரோப்போக் லேக்கோரை நாங்களும் சாய்வாக நறுக்கி
மிளகாய்ச் சாற்றில் முக்கினோம்.
அன்றுதான் அவனைப் பார்த்தேன்.
நூற்று நாற்பத்தேழு.
கூட்டத்தின் வாலுக்கு இறங்கி, காரின் சன்னலோரம் ஒட்டி,
தண்ணீர்ப் புட்டிகளை முதுகில், நெஞ்சில்,
சட்டைக் கழுத்துக்குள் திணித்துக்கொண்டு
சூல்கொண்ட ஆமையாய் மறுபடி முன்னேறி
ஒவ்வொருவனுக்காய் நீட்டி
மறுபடி வாலுக்கு.
வர்ணனையாளர் அவன் பெயரைச் சொல்லவே இல்லை.
“இவனுக்கு ஒரு ஆர்டருக்கு எவ்வளவு?” என்றேன்.
ஆ லியோங் சிரிக்கவில்லை. விரல் விட்டுக்
கணக்குப் போட்டான்.

பகாங்கில் பாத்தின் மீன், தெம்போயாக் குழம்பு.
புளித்த டுரியான் இப்படிப் பேசும் என்று
முப்பத்து நாலு வருடமாய் யாரும் என் நாக்கிடம் சொல்லவில்லை.
நான்காம் நாள் ஞாபகமில்லை. வலி மாத்திரை.
யாரோ ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்,
எந்த மாநிலமோ.

கேமரன் மலை ஏற்றத்தில்
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவன் பிந்திக்கொண்டிருந்தான்.
முதலில் ஏறியவர்கள் மாலை வாங்கி, குளித்தும் இருப்பார்கள்.
கேமரா ஒரே ஒருமுறை திரும்பியது:
பனிக்குள் ஒரு முதுகு, அதன் பின்னால்
கைவிட்டவர்களை அள்ளிப்போகும் வேன்
கதவைத் திறந்துவைத்து, பொறுமையாக.
“ஏறிடாதடா!”
கத்தியதில் கட்டுக்குள் கால் மிதித்தது.
மூன்று மாத்திரை அளவு வலி.

கடைசி நாள் கோலாலம்பூர்.
இந்த ஊருக்கு எது சாப்பாடு என்று முந்தைய இரவே சண்டை.
கறுப்பு மீ என்றான் லியோங்.
“பன்றிக்கொழுப்பு, நான் எப்படித் தொடுவேன்?” என்றாள் ரொஹாயா.
வாழையிலை என்றேன்; பொட்டலமாய் வந்தால் அது வாழையிலையா?
குணாளன் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குப் பார் என்றான்.

மூன்று மணிக்கு முதல் சைக்கிள் கோட்டைத் தாண்டியது.
கோப்பை, பூங்கொத்து, நுரை பீச்சல்.
எங்களுக்கு இன்னும் சோறில்லை.
போனில் குணாளன் ஒரு புள்ளி,
ஜாலான் ராஜா லாவுட் ஓரம், நகராத புள்ளி.
“பாத அடைச்சிட்டான். போலீஸ் விட மாட்றான்.”

நாலு மணிக்கு வந்தான்.
மாமாக் மீ கயிறாகியிருந்தது,
தே ஓ ஐஸில் ஐஸும் இல்லை, தேயும் இல்லை.
“எல்லாம் ஒன் ஆளாலதான்” என்றான்.
“டயர் வெடிச்சு, தனியா வந்தான். அவன் கடக்குற வரைக்கும்
பாதையத் திறக்கல.
கைதட்ட ரெண்டு போலீசு, ஒரு செண்டோல்காரரு, நானு.”

“ஒன்னப் பாத்தானா?”

“பெட்டியப் பாத்தான்.
புட்டியத் தூக்கிக் காட்டுனான்.”

“அப்புறம்?”

“காலி புட்டி.”

ரொஹாயா கத்தரிக்கோல் எடுத்து
மீயை நான்காக வெட்டினாள்.