இருபத்தொன்பது அங்குலம்

அருமைத்துரைக்குக் கோண்டாவிலில் ஒரு கராஜ்,
அதற்குள் பிளாஸ்டிக் உறை கழற்றாத ஆறு மெசின்கள்.
காசைப் போட்டால் சோடா விழும், மிக்சர் விழும்.
கடைக்காரரோடு கதைக்க அவருக்கு வாய் வராது.
அதனால் என்னைப் பிடித்தார்.

இடம் ஒன்றுக்கு ஒன்பதாயிரம்.
கையெழுத்து விழுந்த அன்று பாதி,
தொண்ணூறு நாள் மெசின் அசையாமல் நின்றால் மீதி.
இடையில் எவரும் "தூக்கு" என்றால்
இன்னொரு மூலையை நான் சும்மா தேடிக் கொடுக்கவேண்டும்.

"உமக்குத்தானே எல்லாக் கடையும் தெரியும்" என்றார்.
தெரியும்.
நாலு வருடம் நுண்கடன் கொம்பனிக்குத்
தவணை அறவிட்டவள் நான்.
கஸ்தூரியார் வீதியில் எந்தக் கடைக்குப் பின்கதவு உண்டு,
எந்த முதலாளி என் ஸ்கூட்டிச் சத்தத்துக்குக்
கக்கூசுக்குள் போய்ப் பூட்டுவார்,
எல்லாம் தெரியும்.

கதவுகள் அதே கதவுகள்.
ஆரியகுளத்தடி சலூனில்
பாதிச் சவரத்தோடு ஒருவரை விட்டுவிட்டு
றொபின்சன் உள்ளே போனார்.
"அண்ணை, காசு கேக்க வரேல்லை,
இடம் கேக்க வந்தனான்."
திரைக்குப் பின்னால் குரல் மட்டும்:
"இனி இடத்தையும் எடுக்கப் போறியளோ?"

பல் டொக்டரின் காத்திருப்பு அறையில்
சனம் உண்டு, கதிரை உண்டு, பிளக்கும் உண்டு.
டொக்டர் சிரித்தார்.
"இனிப்பு விக்கிற பெட்டியை என்னட்டையோ?"
பிறகு கொஞ்சம் யோசித்து,
"எனக்கு எத்தினை வீதம்?"

எல்லாரும் கேட்டது ஒன்றுதான்:
கரண்ட் பில் ஆர் கட்டுறது?
ஒரு பல்ப் எரியிற கரண்ட் என்று
சொல்லச் சொல்லியிருந்தார் அருமைத்துரை.
பல்ப் இல்லை அது, குளிர்ப்பெட்டி.
முன்பும் இப்படித்தான்,
"கிழமைக்கு ஒரு சின்னத் தொகை" என்று சொல்லித்தந்தார்கள்,
நானும் போய்ச் சொன்னேன்.
இந்தமுறை மாதம் எவ்வளவு வரும் என்று
உள்ளதைச் சொன்னேன்.
அன்று மூன்று இடம் தவறியது.

திருநெல்வேலியில் யோகமலரின் தையல்கடை.
பக்கத்துச் சுவரில் ரியூட்டரி.
நாலரைக்கு வகுப்பு விட்டால்
முந்நூறு பிள்ளைகள், முந்நூறு தாகம்.
இதைவிடத் திறமான இடம் இல்லை.
ஆறாவது மெசின் வரைக்கும்
அங்கே நான் போகவில்லை.

போனபோது
அவ போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.
கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து
மூலையை அளந்தா.
"இருபத்தொன்பது அங்குலம் இருக்கு.
நீ வந்து குந்தியிருந்த மூலைதான்.
காசு தந்தாத்தான் எழும்புவன் எண்டு
ஒருநாள் லைற் போடும்வரைக்கும் இருந்தனீ.
பள்ளிக்கூடச் சட்டை தைக்க வந்த சனம்
உன்னைப் பாத்திட்டுத் திரும்பிப் போச்சுது."

நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுக்குள்ள காசைப் போட்டா ஏதும் தருமோ?"
"தரும்."
"அப்ப உன்னைவிடத் திறம்."

பத்து வீதம் என்று அச்சடித்திருந்ததை
வெட்டிப் பதினைந்து என்று எழுதினா.
வித்தியாசம் என் ஒன்பதாயிரத்தில் கழியும்.
வெட்டுக்குப் பக்கத்தில்
நானும் ஒரு சின்னக் கையெழுத்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை லான்ட்மாஸ்டரில் மெசின் வந்து இறங்கியது.
முதல் தாளை யோகமலரே போட்டா:
பழைய நூறு ரூபா, நாலாய் மடிந்தது.
மெசின் நாக்கை நீட்டித் திருப்பிக் கொடுத்தது.
மறுபடி. மறுபடியும்.
கசங்கல் தாள் அதற்கு ஆகாது.
நாங்கள் எதையும் வாங்கினோம்,
சட்டைக்குள்ளிருந்து வியர்வையோடு வந்ததையும்
பிள்ளையின் உண்டியல் உடைத்த சில்லறையையும்.

அவ அயன் பெட்டியைச் சூடாக்கினா.
தாளை மேசையில் விரித்து,
மேலே ஓர் ஈரத்துணி போட்டு,
கொலர் தேய்ப்பதுபோல
ஓரத்திலிருந்து மெதுவாகத் தேய்த்தா.
சூடு ஆறமுன்னம் திரும்பப் போட்டா.
உள்ளே எதுவோ சுழன்றது.
தொப்பென்று ஒரு சோடா.

மூடியைத் திருகி, அங்கேயே நின்று,
முழுவதையும் அவவே குடித்தா.
நான் பழக்கதோஷத்தில் மூலையைப் பார்த்தேன்.
குந்த இடமில்லை.