கரண்ட் போனால் பூஜ்யம்

ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை என்று
எங்கள் வேலூரைக் கேலி பேசுவார்கள்.
நான் இன்னொன்று சேர்ப்பேன்:
ஜெயிக்க முடியாத ஆட்டம்.

பாபுராவ் தெருவில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில்
கடை.
தப்ரேஸ் பாய் மெட்ராஸில் ஏலம் எடுத்து
வாணியம்பாடிக்குத் திரும்பும் தோல் லாரியில் ஏற்றிவந்த பெட்டி.
ஒரு மாதம் வரை
ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் முகம் வைத்தால்
ஊறப்போட்ட தோல் வாடை.

நான் சில்லறை கொடுப்பவன்.
ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர்.
எதிரே ஆஸ்பத்திரியில் என்ன விலை என்று
யாரிடமும் கேட்டதில்லை.

வரிசைக்குப் பதினொன்றாய் ஐந்து வரிசை,
நண்டு மாதிரி, தேள் மாதிரி, ஒன்று அவிந்த இட்லி மாதிரி.
பக்கவாட்டில் போகும். ஓரத்தைத் தொடும்.
ஒரு படி இறங்கும்.
டும். டும். டும். டும்.
கீழே ஒளிந்துகொள்ள நாலு மண்சுவர்.
அவன் குண்டில் கரையும்,
அவசரப்பட்டால்
நம் குண்டிலும் கரையும்.

வந்தவர்கள் பாதிப்பேர் ஆட வந்தவர்கள் இல்லை.
ரிப்போர்ட் சாயங்காலம் என்றிருப்பார்கள்.
டோக்கன் நூற்றி அறுபது, உள்ளே ஓடுவது நாற்பத்திரண்டு.
வெளியே மே மாதம்.
மின்விசிறிக்காக நுழைந்து
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பட்டனில் வைத்தவர்கள்.

அப்படி வந்தவள்தான் சுபர்ணா, ஆசன்சோலிலிருந்து.
எக்ஸ்ரே கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு
நின்றபடியே ஆடுவாள்.
கவர் ஒரு நாளும் நழுவியதில்லை.
சுவருக்குப் பின்னால் பதுங்க மாட்டாள்,
இரண்டு சுவருக்கும் நடுவே
நின்று சுடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஒன்பதாயிரத்து நானூற்று முப்பது.
தெருவில் இட்லி விற்கிற பையன்கூட
பாத்திரத்தை இறக்கிவைத்துப் பார்த்தான்.
மேலே அந்த எண் ஏறி உட்கார்ந்தது.
இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

மூன்றுக்கு வந்தபோது
நாலு பூஜ்யம்.
எதையும் நினைவில் வைக்காத பெட்டி அது.
நான்தான் ஏதோ தப்பு செய்தவன் போலக்
கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் சிரித்தாள். அதுவரை கேட்டதில்லை அந்தச் சிரிப்பை.
"ஆபார்" என்றாள்.
ஒரு ரூபாயை நீட்டினாள்.
மறுபடியும் என்று அர்த்தமாம்,
பக்கத்து லாட்ஜ் மேனேஜர் சொன்னார்.

அன்றிரவு பெட்டியின் பக்கவாட்டு மரத்தில்
பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவைத்தேன்: 9430.

பதினேழு நாள் வந்தாள்.
பதினெட்டாம் நாள் அறை காலி.
என்ன ஆனதென்று தெரியாது.
நல்லதோ கெட்டதோ,
இரண்டுக்கும் அதே ஆட்டோதான்
காட்பாடி ஸ்டேஷனுக்கு.

பெட்டி இப்போது சத்துவாச்சாரியில்,
என் ஜெராக்ஸ் கடையில்,
லேமினேஷன் மிஷினுக்கு அந்தப் பக்கம்.
அணைத்துவைத்தாலும் கண்ணாடியில்
ஐந்து வரிசையும் தெரியும்.
வருஷக்கணக்கில் அதே இடத்தில் எரிந்து எரிந்து
தழும்பு விழுந்துவிட்டது.

காலேஜ் பையன் ஒருவன், அருணகிரி,
ப்ராஜெக்ட் பைண்டிங்குக்கு வந்தவன்
நாலாவது நாளாக நிற்கிறான்.
பாக்கெட்டில் இருக்கும் போனில்
இதைவிட ஆயிரம் மடங்கு பெரிய யுத்தங்கள்.
"ஆள் குறையக் குறைய வேகமா வருதே,
கோபம் இல்லண்ணே அது.
அத்தனை பேரையும் நகர்த்த இதுக்குச் சக்தி பத்தல.
செத்தவன் பாரம் குறையுது, இருக்கிறவன் ஓடுறான்" என்றான்.

முப்பது வருஷமாகக்
கோபம் என்றே நினைத்திருந்தேன்.

கடைசி ஒன்று
திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
தனியாகப் பறக்கிறது.
அடித்தான்.
ஒரு நொடி வானம் வெறுமை.
உடனே அடுத்த ஐம்பத்தைந்து,
போன தடவையைவிட ஒரு படி கீழே.

"இத யாராவது முடிச்சிருக்காங்களாண்ணே?"
"முடிவே கிடையாதுப்பா."
"அப்புறம் எதுக்கு ஆடுனாங்க?"

கேட்டுக்கொண்டே
சட்டைப்பையில் துழாவுகிறான்,
கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்,
இன்னொரு ரூபாய்க்கு.