வடக்கெல்லை

மல்லாகம் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம்,
சைக்கிள் கடைக்கும் போட்டோக்கொப்பிக் கடைக்கும் நடுவில்
நொத்தாரிசு ஐயாவின் கந்தோர்.
உள்ளே போய்க் கேட்டால் காசு.
என் மேசையடியில் கேட்டால் இல்லை.

"பிள்ளை, வாயாலை பேசித்தான் கடைக்கு முற்பணம் குடுத்தனான்.
இப்ப எழும்பச் சொல்லுறான். வாய்ப்பேச்சு செல்லாதோ?"

"வேலை நேரத்திலை இருந்திட்டன் எண்டு நிப்பாட்டிப் போட்டினம் அக்கா.
கதிரையிலை இல்லை, துணிக்கட்டிலைதான்."

"லண்டனிலை இருக்கிறவன் தாயைப் பாக்காட்டி
வழக்குப் போடலாமோ?
போடமாட்டன். சும்மா கேட்டனான்."

தெரிந்ததைச் சொல்வேன்.
தெரியாததற்கு ஐயாவின் கதவைக் காட்டுவேன்.
பதினொரு வருசம்.
ஊழியர் சேமலாப நிதி என்பதை
மற்றவர்களின் கடிதங்களில் பிழையில்லாமல் அடிப்பேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு திங்கள்
யோகமலரக்கா வந்தா.
ஏழாலையில் சீதனக் காணி, 'நாவலடிச்சீமா', ஆறு பரப்பு.
வெங்காயம் நட ஒருவன் கேட்கிறான்,
மூன்று வருசக் குத்தகைக்கு.
"என்ர பேரிலை இருக்கிற காணி.
நான் கையெழுத்து வைச்சால் போதுந்தானே?"

போதாது.
தேசவழமையில் காணி பெண்ணுடையது,
கொடுப்பதற்குப் புருசனின் சம்மதம் வேண்டும்.
முன்கூட்டி. எழுத்தில்.

"அவர் என்னோடை இல்லை."

மனுப் போடலாம் அக்கா.
அவருக்குப் பதிலாக நீதிமன்றம் சம்மதிக்கும்.

"எவ்வளவு நாள் செல்லும்?"

ஒரு தவணை, இன்னொரு தவணை, பிறகும் ஒன்று.

"அதுக்கிடையிலை விதைவெங்காயம் மூட்டையிலையே முளைச்சிடும்."

பழைய உறுதியை விரித்து எல்லைகளை அடிக்கத் தொடங்கினேன்.
கிழக்கு ஒழுங்கை. தெற்கு பொன்னுச்சாமியின் ஆதனம்.
மேற்கு கோயில் காணி.
வடக்கில் இருந்தது செத்துப்போனவரின் பெயர்.
இப்ப ஆர் அங்கை?

அக்கா குடைப்பிடியைப் பார்த்தபடி
எழுத்தெழுத்தாகச் சொன்னா.
"அவற்றை மகள். பு-வ-ன-லோ-சி-னி.
அவர் இப்ப அங்கைதான்."

'லோ' வரைக்கும் வந்திருந்தேன்.
'சி' எந்த விசையில் என்று தேடவேண்டியிருந்தது.

பிறகு கண்ணை மூடிக்கொண்டே நான் அடிக்கும் வரிகள்:
இதற்குள் அடங்கிய நிலமும், வான்பயிர் செய்பயிரும்,
வடக்குக் காணியிலுள்ள கிணற்றில் அரைப்பங்கும்,
அதற்குப் போய்வரும் வழியும் வாய்க்காலும்.

'வழி' என்ற சொல்லில் அக்கா விரலை வைத்தா.
"வேலிப் பொட்டுக்குள்ளாலை போறது.
இதாலைதான்..."
வசனத்தை அவ முடிக்கவில்லை.

புதன்கிழமை அவர் வந்தார்.
நனைந்த செருப்பை வாசலில் விட்டு
கதிரை நுனியில் இருந்தார்.
சம்மதத்துக்குப் பாதிக்காசு கேட்கிறவர்களைக் கண்டிருக்கிறேன்.
இவர் கேட்கவில்லை.
கண்ணாடி கொண்டுவர மறந்துபோனேன் என்றார்.

அக்கா கைப்பையைத் திறந்து
ஒரு கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தா.
ஒரு கால் நூலால் சுற்றியது.
விட்டுப்போன நாளில் அதையும் விட்டிருக்கிறார்.

போட்டுக்கொண்டு வாசித்தார்.
கிழக்கு, தெற்கு, மேற்கு.
வடக்கில் நின்றார்.
"'சி' இல்லைப் பிள்ளை," என்றார் மெல்ல. "'ஜி'. லோஜினி."

முழுப்பக்கத்தையும் திரும்ப அடித்தேன்.
அடிக்கும்வரை இரண்டுபேரும்
ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
சாட்சிக்குச் சைக்கிள் கடைக்காரரும் நானும்.
சட்டப்படி முதலில் அவர்.
'சம்மதிக்கிறேன்' என்பதன் கீழே பேனை கொஞ்சம் இழுபட்டது.
பிறகு அக்கா, ஒரே இழுப்பில்.

எழும்பும்போது கண்ணாடியைக் கழற்றினார்.
எங்கே வைப்பதென்று தெரியாமல் உறுதியின் மேல் வைத்தார்.
ஐயா இரண்டுபேரையும் பார்த்தார்.
"கொண்டுபோங்கோ," என்றா அக்கா.
"அது என்ர சீதனத்திலை வந்ததில்லை."

பிழைத்த பக்கத்தைக் கிழிக்கச் சொல்லிவிட்டு
ஐயா கோட்டைக் கொழுவினார்.
நான் கிழிக்கவில்லை. பின்பக்கம் வெறுமை.
உருளையில் செருகி
'நியமனக் கடிதம்' என்று அடித்தேன், என் பெயரையும்.
'வேலை நேரம்' என்ற இடத்தில்
மணிக்கூட்டைப் பார்த்தேன்.
ஆறு பத்து.