படிவம் ஆறு

புளியரையில் சாரல் நின்றபாடில்லை.
ஆரியங்காவு இறங்கி வந்த லாரியில்
மேலே நாலு வரிசை தேங்காய் மட்டை,
கீழே பச்சைப் பச்சையாய்ச் சர்க்யூட் போர்டுகள்,
வால் அறுந்த சார்ஜர்கள்.
'படிவம் ஆறு எங்கே?' என்றேன்.
டிரைவர் ஷிஜு தலையைச் சொறிந்தான்.
'எனக்கு வாடகை மட்டுந்தான் தெரியும் சாரே.'

சட்டப்படி வந்த வழியே திருப்பணும்.
எழுத உட்கார்ந்தேன்.

ஏட்டு மாடக்கண்ணு
டார்ச்சை ஒரு மானிட்டர்மேல் நிறுத்தினார்.
நகர்த்தவில்லை.
வெள்ளைப் பெயிண்டில் எங்கள் செக்போஸ்ட் எண்.
மூலையில், பாதி உரிந்து,
நான் ஒட்டிய இசக்கியம்மன் படம்.

போன மார்ச்சில் ஏலத்தில் கழித்தது.
'முறைப்படி அகற்றப்பட்டது'
என்று எழுதியதும் இதே பேனா.

வைப்பர் ஓட ஓட
ஷிஜு கேட்டான்:
'எந்தப் பக்கம் சாரே திருப்பணும்?'